மூளை ஸ்கேன்களைக் காலவரிசையில் ஒப்பிடுதல்: கேள்வி பதில்

கேள்வி: முதியவர்களுக்கு ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு எம்.ஆர்.ஐ. படங்களை, மூளைப் பகுதிகளை அளக்கும் மென்பொருளான ஃப்ரீசர்ஃபரில் தனித்தனியே ஓட்டி, நினைவாற்றலோடு தொடர்புடைய மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸின் கன அளவைக் கழித்துப் பார்த்தேன். சிலருக்கு அது 4 சதவீதம் வளர்ந்திருப்பதாக வருகிறது. இது எப்படி?

பதில்: வளரவில்லை, நீங்கள் காண்பது அளவீட்டின் தடுமாற்றம். ஒரு பக்க ஹிப்போகேம்பஸ் ஏறத்தாழ 3500 கன மில்லிமீட்டர் என்று கொண்டால், நலமான முதியவரிடம் ஓராண்டில் எதிர்பார்க்கக்கூடிய 1 முதல் 2 சதவீதச் சுருக்கம் என்பது 35 முதல் 70 கன மில்லிமீட்டர்தான். அல்சைமர் நோயாளிகளிடம்கூட அது பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதத்துக்குள் இருக்கும். தனித்தனியாக ஓட்டும்போது ஒவ்வொரு படத்துக்கும் மென்பொருள் தன் தேடலைப் புதிதாகத் தொடங்கி, எல்லைக்கோட்டைச் சற்றே வேறிடத்தில் வரைகிறது. அந்த விலகலே நீங்கள் தேடும் மாற்றத்தை விழுங்கிவிடப் போதுமானது. ஃப்ரீசர்ஃபரின் காலத்தொடர் முறையில் ஒரே நபரின் எல்லாப் படங்களிலிருந்தும் முதலில் ஒரு பொது வார்ப்புரு, அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மாதிரிப் படம், உருவாக்கப்படுகிறது. பின்னர் ஒவ்வொரு படமும் அந்த வார்ப்புருவிலிருந்து கிடைத்த தொடக்க நிலையோடு மீண்டும் ஆராயப்படுகிறது. அந்த முறையில் ஓட்டிவிட்டு எண்களைப் பாருங்கள்.

கேள்வி: பொது வார்ப்புரு எதற்கு? இரண்டாவது படத்தை முதல் படத்தின் மேல் பொருத்தினால் போதாதா?

பதில்: போதாது. இந்தத் துறையே இதைச் சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தது. ஒரு படத்தைத் திருப்பி நகர்த்தும்போது புதிய வோக்ஸல்களின் (முப்பரிமாணப் படத்தின் சிறு கனக்கட்டங்களின்) மதிப்பை அண்டை வோக்ஸல்களிலிருந்து கணக்கிட வேண்டியிருப்பதால், படம் சற்று மழுங்குகிறது. இரண்டாவது படத்தை மட்டும் நகர்த்தினால் அது மட்டுமே மழுங்கும். முதல் படம் கூர்மையாகவே இருக்கும். அந்த வேறுபாட்டை மென்பொருள் மூளையின் மாற்றமாக எடுத்துக்கொள்ளும். 2010-இல் யுஷ்கெவிச்சும் அவருடைய குழுவினரும், படங்களைச் சமச்சீரற்ற முறையில் கையாளும்போது ஹிப்போகேம்பஸ் சுருக்க அளவீட்டில் பிழை நுழைவதைக் காட்டினர். 2012-இல் மார்ட்டின் ராய்ட்டரும் சக ஆய்வாளர்களும் விவரித்த வார்ப்புரு முறை, எந்தக் காலப்புள்ளிக்கும் தனிச் சலுகை தராமல் எல்லாப் படங்களையும் நடுவிலுள்ள ஒரு பொது வெளிக்குக் கொண்டுவருகிறது. எஃப்.எஸ்.எல். என்ற மற்றொரு மூளைப்பட மென்பொருள் தொகுப்பிலுள்ள, மூளைச் சுருக்கத்தை அளக்கும் சியெனா என்ற கருவியும் இரண்டு படங்களையும் பாதிவழிக்கு நகர்த்தியே ஒப்பிடுகிறது. முதல் படத்துக்குச் செய்யாத எதையும் இரண்டாவது படத்துக்குச் செய்யாதீர்கள்: கைத்திருத்தம், மென்பொருளின் பதிப்பு, இயங்குதளம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: இரண்டு படங்களை வைத்து வார்ப்புரு செய்து முடித்த பிறகு மூன்றாவது படம் வந்துள்ளது. அதை மட்டும் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. மூன்று படங்களையும் கொண்டு வார்ப்புருவைப் புதிதாக உருவாக்கி, அதன் பின்வரும் கட்டங்களையும் மூன்றுக்கும் மறுபடி ஓட்டுங்கள். கணினி நேரம் செலவாகும், ஆனாலும் வேறு வழியில்லை.

கேள்வி: கைக்குழந்தைகளின் படங்களுக்கும் இதே முறை சரிவருமா?

பதில்: வராது. காலப்புள்ளிகளுக்கிடையே தலையின் அளவு மாறாது என்ற எடுகோளின் மேல்தான் இந்த வார்ப்புரு நிற்கிறது.

கேள்வி: பலர் இரண்டாவது ஸ்கேனுக்கு வரவில்லை. அவர்களை நீக்கிவிடலாமா?

பதில்: தயவுசெய்து நீக்காதீர்கள். மீண்டும் வராதவர்களில் பெரும்பாலும் நோய் முற்றியவர்களே மிகுதி. அவர்களை விட்டுவிட்டால் மிஞ்சுவோர் உண்மையைவிட நலமாகத் தெரிவார்கள். ஒரே நபரின் பல அளவீடுகளைச் சேர்த்து ஆராயும் புள்ளியியல் முறையான நேரியல் கலப்பு விளைவு மாதிரியில் ஒரே ஒரு படம் உள்ளவரும் இடம்பெறலாம். நபருக்கு நபர் இடைவெளி மாறுபட்டாலும் அது ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்த ஒற்றைப் படத்தையும் வார்ப்புருக் கட்டத்தின் வழியாகவே ஓட்டுங்கள், இல்லையேல் அது மற்றவற்றிலிருந்து வேறுவிதமாகக் கையாளப்பட்டதாகிவிடும். மாதிரியில் தொடக்க வயதையும் முதல் ஸ்கேனிலிருந்து கழிந்த ஆண்டுகளையும் தனித்தனி மாறிகளாக வையுங்கள்.

கேள்வி: ஆய்வின் நடுவே எங்கள் ஸ்கேனர் மேம்படுத்தப்பட்டுவிட்டது. தரவு வீணா?

பதில்: எப்போது மாறியது என்பதைப் பொறுத்தது. சிலருக்கு இரண்டு படங்களும் மாற்றத்துக்கு முன்பும், சிலருக்கு இரண்டும் பின்பும், சிலருக்கு ஒன்று முன்பும் மற்றொன்று பின்பும் அமைந்திருந்தால், இயந்திரத்தின் தாக்கத்தை மாதிரியில் பிரித்தெடுக்க முடியும். ஸ்கேனர்களுக்கிடையேயான வேறுபாட்டைப் புள்ளியியல் வழியே சரிசெய்யும் காம்பேட் முறையின் காலத்தொடர் வடிவமும் உதவும். எல்லோருக்கும் முதல் படம் பழையதிலும் இரண்டாவது புதியதிலும் எடுக்கப்பட்டிருந்தால், காலமும் இயந்திரமும் ஒன்றோடொன்று பின்னிவிடுகின்றன. அப்போது சுருக்க வீதத்தைச் சொல்ல முடியாது. இயந்திரத்தின் தாக்கம் நோயாளிகள், நலமானவர்கள் என்ற இரு குழுக்களிலும் ஒன்றே என்று கொண்டு, குழுக்களுக்கிடையேயான வேறுபாட்டை மட்டுமே சொல்லலாம். நோயாளிகள் மட்டும் புதிய இயந்திரத்துக்கு மாறியிருந்தால், எந்தப் புள்ளியியலும் அதைக் காப்பாற்றாது.

கேள்வி: என் அம்மாவுக்கு இரண்டு வெவ்வேறு மையங்களில் ஸ்கேன் எடுத்தோம். இரண்டாவது அறிக்கையில் மூளையின் அளவு 2 சதவீதம் குறைவு. பயப்பட வேண்டுமா?

பதில்: உங்கள் கவலை புரிகிறது. அந்த எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வெவ்வேறு இயந்திரங்களின் அளவுகள் இந்த அளவுக்கு வேறுபடுவது இயல்பு. உடலில் நீர்ச்சத்து குறைந்திருந்தாலும் எண் மாறும்; ஸ்கேனின்போது தலை அசைந்திருந்தால் சாம்பல்நிறப் பொருள் (நரம்பணுக்கள் செறிந்த மூளைத் திசு) உண்மையைவிடக் குறைவாகத் தெரியும் என்பதும் ஆய்வுகளில் காட்டப்பட்டிருக்கிறது. அம்மாவின் நினைவாற்றலிலும் அன்றாட வேலைகளிலும் நீங்கள் கவனித்த மாற்றங்களை நரம்பியல் மருத்துவரிடம் விரிவாகச் சொல்லுங்கள். அவருக்கு இந்த எண்ணைவிட அவை அதிகம் பயன்படும். இரண்டு ஸ்கேன்களின் அறிக்கைகளோடு மூலப்படங்கள் உள்ள குறுந்தகடுகளையும் கொண்டு செல்லுங்கள். மறுபடி ஸ்கேன் தேவைப்பட்டால், முன்பு எடுத்த ஏதேனும் ஒரு மையத்திலேயே, அதே இயந்திரத்தில், அதே வகைப் படத்தை எடுக்கும்படி கேளுங்கள்.