சராசரி அமெரிக்கரின் முகவரி

கேள்வி: படிப்பு ஏற ஏற உடல் பருமன் குறைகிறது என்று அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் சொல்கின்றனவாமே! அப்படியானால் சராசரி அமெரிக்கர் குண்டாக இருப்பதற்குப் படிப்பறிவின்மையும் வாய்க்கட்டு இல்லாததும்தானே காரணம்?
– கோவில்பட்டி வாசகர்

பதில்: சராசரி அமெரிக்கரின் முகவரி இருந்தால் அனுப்பி வையுங்கள், சந்தா கேட்டு எழுதிப் பார்க்கிறேன். அவரைத் தேடிப் போய் அமெரிக்க விமானப் படையே கைவிரித்திருக்கிறது. 1950இல் 4,000க்கும் மேற்பட்ட விமானிகளை டேப் பிடித்து அளந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் உயரம், மார்பு, கை நீளம் என்று 10 அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியை ஒட்டி வருபவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவரும் தேறவில்லை. அதுவரை சராசரி ஆளுக்கென்றே செய்த இருக்கையில் அத்தனை பேரும் நெளிந்துகொண்டு பறந்திருக்கிறார்கள். அப்புறம்தான் ஆளுக்கேற்ப நகர்த்தக்கூடிய இருக்கை வேண்டும் என்று படை கேட்டது.

இந்தச் சராசரி மனிதரைப் பெற்றெடுத்தவர் கெட்லே என்ற பெல்ஜிய வானியலாளர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கும் அவருடையதே. நட்சத்திரம் பார்த்தவர் 1830களில் போட்ட கணக்குக்கு 1972இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பி.எம்.ஐ. (உடல் நிறைக் குறியீட்டெண்) என்று பெயர் சூட்டினார். அந்த எண் 30ஐத் தொட்டால் பருமன்.

சரி, உங்கள் ஏணிக்கு வருவோம். 2011–14இல் அமெரிக்க அரசு ஆட்களை நேரில் நிறுத்தி அளந்த கணக்கு: பள்ளிப் படிப்போடு நின்றவர்களில் 40.0 சதவீதம் பருமன். கல்லூரிக்குள் நுழைந்து நான்காண்டுப் பட்டம் வாங்காதவர்களில் 40.6. பட்டதாரிகளில் 27.8. ‘ஏற ஏற’ எங்கே இருக்கிறது? நடுப்படியில் ஒன்றும் குறையவில்லை. பட்டம் கைக்கு வந்தால்தான் சட்டென்று இறங்குகிறது. பாடப்புத்தகம் இளைக்க வைத்தால் பாதிப் படிப்புக்குப் பாதியாவது இளைத்திருக்க வேண்டும். அங்கே பட்டத்தோடு கூட வருபவை நேரம் தவறாத வேலை, நிறுவனம் கட்டும் மருத்துவக் காப்பீடு, நடக்க வழியுள்ள தெருவில் வீடு.

வாய்க்கட்டு? அதே கணக்கில் பெண்களைப் பாருங்கள்: மிகக் குறைந்த வருமானப் பிரிவில் 45.2, மிக உயர்ந்ததில் 29.7. கறுப்பின ஆண்களிடம் தலைகீழ்: கீழ்ப்படியில் 33.8, மேல்படியில் 42.7. சம்பள உயர்வு கிடைத்த அன்றே வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டார்களா? கறுப்பினப் பெண்களிடம் வருமானத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. 2017–18இல் அவர்களில் 56.9 சதவீதம் பேர் பருமன். வெள்ளையினப் பெண்களில் 39.8. ஆண்களிடம் இந்த இடைவெளி கிடையாது: கறுப்பினத்தவர் 41.1, வெள்ளையர் 44.7. மரபணுதான் காரணம் என்று அடுத்த கடிதம் எழுதக் காத்திருப்பவர்கள் கவனிக்க: அதே பெற்றோருக்குப் பிறந்த அண்ணன்களிடம் அந்த மரபணு ஏன் சும்மா இருக்கிறது?

சம்பளம் சமமானாலும் சொத்து சமமாவதில்லை. 1930களில் அரசு அமைப்புகளே கறுப்பினக் குடியிருப்புகளைக் கடன் கொடுக்க ஆபத்தான இடமென்று வரைபடத்தில் சிவப்பில் குறித்தன, வீட்டுக்கடன் அங்கே எட்டாக்கனியானது. 2019இல் சொத்து வரிசையில் நட்டநடுவில் நிற்கும் வெள்ளையினக் குடும்பத்தின் சொத்து 1,88,200 டாலர், கறுப்பினக் குடும்பத்தினுடையது 24,100.

இன்னொன்று: அம்பு எதிர்த்திசையிலும் பாய்கிறது. ஜான் காலி என்ற பொருளாதார அறிஞர் 2004இல் காட்டியது, எடை கூடினால் வெள்ளையினப் பெண்களின் கூலி குறைகிறது என்பதை. படித்ததால் ஒல்லியானார்களா, ஒல்லியானவர்களுக்குக் கதவு திறந்ததா என்பதையும் கேட்க வேண்டும். எடையைக் காரணம் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று மிச்சிகன் மாநிலம் 1976லேயே சட்டம் போட்டது. அந்த வழியில் வந்த மாநிலங்கள் சொற்பம்.

கோவில்பட்டிக்கு ஒரு சேதி. 2017–18 கணக்கில் அமெரிக்காவில் ஆசியர்களின் பருமன் விகிதம்தான் மிகக் குறைவு, 17.4 சதவீதம். உடனே மார்தட்ட வேண்டாம். நமக்கு வயிற்றுக் கொழுப்பு சீக்கிரம் சேரும் என்பதால், சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு அங்குள்ள நீரிழிவுச் சங்கம் ஆசியர்களுக்கு வைத்த வாசல் பி.எம்.ஐ. 23. மற்றவர்களுக்கு 25. உயரத்தில் 100ஐக் கழித்தால் எடை என்று இன்னமும் எனக்கு எழுதும் அன்பர்கள், தராசை விட்டுத் தையல்காரர் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணிக்கு மேல் அல்ல, தோலில் வையுங்கள். டேப் முதுகுப் பக்கம் சரியக் கூடாது. மூச்சை இயல்பாக விட்டதும் அளவெடுங்கள். நம்மவர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. பேன்ட் சைஸைச் சொல்லித் தப்பிக்க முடியாது. அது தொப்பைக்குக் கீழே கட்டுவது.