டெஸ்லா காயிலில் பொறியின் நீளத்தைக் கூட்டுவது எப்படி?

நியான் போர்டு டிரான்ஸ்பார்மர், ஸ்பார்க் கேப் (பொறி தாவும் இடைவெளி) வைத்துச் செய்த டெஸ்லா காயிலில் (உயர் மின்னழுத்தப் பொறி எழுப்பும் கருவி) பொறி 10 செ.மீ. தாண்டவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பவரைக் கூட்டும் முன் ட்யூனிங்கைப் பாருங்கள். பிரைமரியும் (சில சுற்றுகளே உள்ள கீழ்ச் சுருள்) செகண்டரியும் (பல சுற்றுகள் கொண்ட உயரமான சுருள்) ஒரே அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்தால்தான் ஆற்றல் முழுதாக மேலே ஏறும்.

பிரைமரியில் டேப் (சுருளில் இணைப்புக் கம்பி தொடும் புள்ளி) மாட்டிய இடத்தைக் கால் கால் சுற்றாக நகர்த்திப் பாருங்கள். கணக்குப் போட்டு வந்த இடத்திலேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. கிளம்பிய பொறியும் ஒரு கப்பாசிட்டராக (மின்னூட்டத்தைத் தேக்குவது) செகண்டரியின் உச்சியில் உள்ள உலோக வளையத்தோடு சேர்ந்துகொள்வதால் செகண்டரியின் அதிர்வெண் இறங்கும். அதற்கு ஈடாக பிரைமரியிலும் சுற்றைக் கொஞ்சம் கூட்டி, அதிர்வெண்ணை முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும். பொறி நீள நீள, டேப் இன்னும் சற்று வெளியே போக வேண்டியிருக்கும். இந்த ஒரு திருத்தமே பெரிய வித்தியாசம் காட்டும்.

செகண்டரியின் உடம்பிலேயே பொறி ஓடினால் இரு சுருள்களுக்கும் இடையிலான காந்த இணைப்பு அதிகமாக இருக்கலாம். செகண்டரியை ஓரிரு செ.மீ. உயர்த்துங்கள். சென்னையின் உப்புக்காற்றில் சுற்றின் மேல் ஈரம் படிந்து மின்சாரம் கசியும், ஆகவே வார்னிஷ் பூச்சு அவசியம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கப்பாசிட்டர் வாங்கும்போது பாலிப்ரோப்பிலீன் வகையைக் கேளுங்கள், இழப்பு குறைவு.

அப்புறம், செகண்டரியின் அடிமுனைக்குத் தனி எர்த் கம்பி அடியுங்கள், வீட்டு எர்த்தில் கொடுக்கவே வேண்டாம். டேப்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, கப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். அந்த டிரான்ஸ்பார்மர் ஆளைக் கொல்லும்.