இசைத்தட்டு உறை வரையும் மகள்: டிசைன் படிப்பில் சேர்க்கலாமா?

கேள்வி: மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்திருக்கிறாள். எந்நேரமும் பழைய ஜாஸ் இசைத்தட்டு உறைகளைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறாள். கிராஃபிக் டிசைன்தான் படிப்பேன் என்கிறாள். சி.ஏ.வில் சேர்க்க நினைத்திருந்தோம். இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

பதில்: இசைத்தட்டு உறை மட்டும் செய்து பிழைக்க முடியாது. இதை அவளிடமும் சொல்லிவிடுங்கள். அவள் பார்த்து வரையும் உறைகளைச் செய்தவர்களே அதை நம்பி இருக்கவில்லை.

இந்த வழியில் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் தொடங்குவது 1939இல் நியூயார்க்கில் பிறந்த புளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் உறைகளில்தான். அவற்றுக்குப் படம் எடுத்த பிரான்சிஸ் உல்ஃப் பெர்லினிலிருந்து வந்தவர். நிறுவனத்தின் வரவு செலவைப் பார்த்துக்கொண்டதும் அவரே. 1950களின் நடுவிலிருந்து 1967 வரை ஏறக்குறைய ஐந்நூறு உறைகளை வடிவமைத்த ரீட் மைல்ஸுக்கு ஓர் உறைக்குக் கிடைத்தது சுமார் 50 டாலர். வேறு வேலைகள்தான் அவருக்குச் சோறு போட்டன. பிற்பாடு விளம்பரப் புகைப்படக்காரராகவே மாறிவிட்டார். அவருக்கு ஜாஸில் பெரிய ஈடுபாடுகூடக் கிடையாது என்பது உங்கள் மகளுக்கு வருத்தமாக இருக்கலாம்!

ஆனால் அந்த உறைகளில் இருக்கும் திறமைக்கு இன்றும் சம்பளம் உண்டு. புத்தக அட்டை, பொருள் பெட்டி, நிறுவன முத்திரை, சினிமா விளம்பரம், செயலித் திரை என்று எங்கு போனாலும் கேட்பது அதைத்தான்: குறைந்த இடம், குறைந்த பணம், ஒரு படம், சில சொற்கள், பார்த்தவர் நின்று பார்க்க வேண்டும். அவளிடம் அந்தத் திறமை இருக்கிறதா, ஆசை மட்டும்தானா என்பதைக் கல்லூரிக்குப் பணம் கட்டுமுன் ஒரு மாத விடுமுறையில் வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். பழைய உறைகளைப் பார்த்து வரைவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு புகைப்படம், இரண்டு மை, ஒரே எழுத்துரு. இந்த மூன்றுக்குள் ஆறு புதிய உறைகளைச் செய்யட்டும்.

படம் அவளே எடுத்ததாக இருக்க வேண்டும். ஊரில் மேளக்காரர்களோ சர்ச் பாடகர் குழுவோ ஒத்திகை பார்க்கும் இடத்துக்குப் போகலாம். உல்ஃபும் ஒலிப்பதிவிலும் ஒத்திகையிலும்தான் எடுத்தார். மேடையில் கிடைக்காத முகம் அங்கே கிடைக்கும். அவர் படங்களில் பின்னணி கறுத்துப்போவதற்குக் காரணம், ஃபிளாஷைக் கேமராவிலிருந்து விலக்கி ஆளுக்கு அருகில் பிடித்ததுதான். விளக்கு ஆளிடமிருந்து 1 மீட்டரிலும், பின்சுவர் விளக்கிலிருந்து 4 மீட்டரிலும் இருந்தால் சுவரில் விழும் ஒளி பதினாறில் ஒரு பங்கு. தம்பியோ தங்கையோ டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க, போனிலேயே எடுக்கலாம். இரண்டு இடங்களில் சொதப்பும்: ஆள் வெள்ளைச் சுவரை ஒட்டி நின்றால் நிழல் விழும்; போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டினால் கறுப்பு சாம்பலாகிவிடும். முகத்தைத் தொட்டு வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு, இரவு மோடை அணைக்க வேண்டும்.

பிறகு வெட்டுவது. உல்ஃபின் ரோலிஃபிளெக்ஸ் கேமரா தந்த நெகடிவே 6×6 செ.மீ. சதுரம், உறையும் சதுரம். அப்படியே வைத்திருக்கலாம். மைல்ஸ் வைக்கவில்லை, நெற்றியை வெட்டினார், படத்தை ஒரு மூலைக்குத் தள்ளினார். உல்ஃபுக்கு அதில் எரிச்சல் இருந்தது. 'ட' வடிவில் இரண்டு அட்டைத் துண்டுகள் செய்து பிரிண்டின் மேல் நகர்த்தி, ஒரே படத்தை இருபது விதமாக வெட்டிப் பார்க்கட்டும். மூன்றாவதிலேயே திருப்தி அடைந்துவிட்டால் அது கொஞ்சம் கவலைக்குரிய விஷயம். ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபியின் 'அவுட் டு லன்ச்' (1964) உறையையும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் கலைஞரின் முகமே இல்லை. கதவில் தொங்கும் 'திரும்பி வருகிறேன்' கடிகார அட்டை, அதில் ஏகப்பட்ட முட்கள். அந்தப் படத்தை எடுத்தவர் மைல்ஸேதான்.

எழுத்து விஷயத்தில் தமிழில் செய்தால் தனிச் சிக்கல்கள் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு மேலும் கீழும் எதுவும் நீளாது; வரிகளைச் செங்கல் மாதிரி நெருக்கி அடுக்கலாம். தமிழில் அப்படி நெருக்கினால் மேல்வரியின் 'கு', 'மூ' வால்கள் கீழ்வரியின் 'கீ' சுழியில் இடிக்கும். எழுத்து இடைவெளியை அகட்டினாலோ 'கொ' மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கும். ஆறில் இரண்டு உறைகளையாவது தமிழில் செய்யட்டும். இந்தச் சிக்கலை அவிழ்த்துக் காட்டும் மாணவி தேர்வாளர் கண்ணில் படுவாள்.

அச்சு அளவு: 12 அங்குலத் தட்டின் உறை சுமார் 31.5 செ.மீ. சதுரம். நாலு பக்கமும் 3 மி.மீ. வெட்டுக்கு விட்டால் 32.1 செ.மீ.; அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) என்றால் ஏறத்தாழ 3,790 பிக்சல். இணையத்தில் பாட்டு வெளியிட 3000×3000 பிக்சல். பெரிதாக அழகாகத் தெரிவதைக் கட்டைவிரல் நகமளவுக்குச் சுருக்கிப் பார்த்துவிட வேண்டும். இரண்டு மை என்றால் கறுப்பும் ஒரு தனி மையும்; அது நீலம் என்று வைத்துக்கொள்வோம். நீலத்தை நாலு வண்ணக் கலவையாகக் கொடுத்தால் நாலு பிளேட் (அச்சுத் தகடு) போட வேண்டியிருக்கும்; சிக்கனம் போச்சு. படத்தை நீல மையில் மட்டும் அடித்தால் நிழல் பகுதி வெளிறிவிடும். மேலே கறுப்பு ஏற வேண்டும். சிவகாசியிலோ பக்கத்து ஊரிலோ தெரிந்த ஆஃப்செட் அச்சகம் இருந்தால் ஒரு வாரம் போய் நிற்கட்டும். கல்லூரியில் ஒரு பருவத்தில் புரியாதது அங்கே புரியும்.

ஆறு உறைகளோடு, கழித்துப்போட்ட ஓவியங்களையும் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். பழைய உறையைத் தழுவியது என்றால் மூலத்தின் பெயரை எழுதியே ஆக வேண்டும். உல்ஃபின் படத்தைத் தன் வேலையில் ஒட்டுவது உரிமைப் பிரச்சினை. நேர்காணலில் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

காமர்ஸ் ஒரு தடையில்லை. ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். (டிசைன் பட்டம்) படிப்புக்கான யூசீட், தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் டாட் ஆகிய இரண்டு நுழைவுத் தேர்வுகளையும் எந்தப் பிரிவினரும் எழுதலாம். இரண்டிலும் கையால் வரையும் பகுதி உண்டு. செலவு கட்டுப்படியாகாது என்றால் 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் காட்சித் தொடர்பு வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது; தனியார் கல்லூரிகளைப் பார்க்குமுன் அதைப் பாருங்கள். யூசீட் விண்ணப்பம் வழக்கமாக அக்டோபரில் திறக்கும், தேர்வு ஜனவரியில். பிளஸ் டூ எழுதும் ஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் மட்டுமே அதற்கு வாய்ப்பு. "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இந்த ஆண்டு விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள்.