தத்துவம் படித்தால் மகளுக்கு வேலை கிடைக்குமா?

கேள்வி: பி.எஸ்சி. கணினி அறிவியல் முடிக்கப்போகும் என் மகள், ஐ.டி. வேலைக்குப் போகாமல் எம்.ஏ. தத்துவம் படித்து, செயற்கை நுண்ணறிவின் அறத்தை ஆராயப்போவதாகச் சொல்கிறாள். இயந்திரத்தைச் செய்தவர்களுக்கே அதன் நல்லது கெட்டது தெரியாதா? தத்துவம் படித்தவருக்கு அங்கே என்ன வேலை?
– ஒரு தந்தை, உசிலம்பட்டி

பதில்: மதிப்புக்குரிய ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நீங்கள் கேட்டதற்கான விடை நம் மதுரையிலேயே இருக்கிறது.

சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று படத்தைப் பார்த்தே சொல்லும் கூகுள் மென்பொருளைப் பயிற்றுவித்த படங்களில், நம் அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் உண்டு. 2016இல் வெளிவந்த ஆய்வில் அந்த மென்பொருளை இரண்டு விதமாக அமைத்துச் சோதித்தார்கள். ஒரு விதத்தில், நோயுள்ள 100 படங்களில் ஏறத்தாழ 10 அதன் பார்வைக்குத் தப்பின. நோயில்லாத 100இல் ஏறத்தாழ 2 படங்களை மட்டுமே நோய் என்று தவறாகச் சொன்னது. இன்னொரு விதத்தில் தப்பியவை இரண்டு மூன்றாகக் குறைந்தன. தவறாகச் சொன்னவையோ ஏறத்தாழ 7 ஆகிவிட்டன. எதை வைத்துக்கொள்வது? முதலாவது என்றால் யாரோ ஒருவருக்குப் பார்வை போகலாம். இரண்டாவது என்றால், கண்ணில் குறையே இல்லாத செக்கானூரணிக் கூலித் தொழிலாளி ஒருவர், ஒரு நாள் கூலியை இழந்து, மனம் பதைக்க ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டும். எந்தத் தவறை எவ்வளவு பொறுக்கலாம், அதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு, படம் கொடுத்த நோயாளிக்கு அதில் ஏதும் பங்குண்டா என்பதையெல்லாம் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. காரணம் காட்டி வாதிட்டு, எதிர்வாதத்துக்கும் பதில் சொல்லித்தான் தெளிய வேண்டும். உங்கள் மகள் விரும்பும் வேலை அதுவே. அதற்கென்றே படித்தவர்கள் நமக்குத் தேவை என்று உறுதியாக நம்புகிறேன்.

வருமானம் தாமதமாகத்தான் வரும். எம்.ஏ., நெட் எனப்படும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் என்று ஏழெட்டு ஆண்டுகள் ஓடிவிடும். நெட் தேர்வில் முன்னணியில் வருபவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் வரும், கிடைக்காவிட்டால் நெருக்கடிதான். பெயர் பெற்ற நிறுவனங்களையும் நிரந்தரம் என்று நம்ப முடியாது: தத்துவ அறிஞர் நிக் பாஸ்ட்ரம் 2005இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய மனிதகுல எதிர்கால ஆய்வு நிறுவனத்தை 2024இல் மூடிவிட்டார்கள். அதே சமயம், சென்னை ஐ.ஐ.டி.யில் பொறுப்பான செயற்கை நுண்ணறிவுக்கென்று 2023இல் ஒரு மையம் தொடங்கியிருக்கிறது.

உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரியில் தத்துவத் துறை இருக்கிறது. மகளோடு நீங்களும் போய் அங்குள்ள பேராசிரியர்களிடம் பேசுங்கள். எம்.ஏ. படிக்கும்போதும் புரோகிராமிங்கை விட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மென்பொருளின் உள்ளே புகுந்து பார்க்கத் தெரிந்தால் அவள் வாதத்துக்குப் பொறியாளர்களும் காது கொடுப்பார்கள். நெட் கைகூடாத ஆண்டுகளில் வீட்டுச் செலவுக்கும் அதுவே உதவும்.