அழுகிற அப்பா மட்டும்தானா?

கேள்வி: பழைய படங்களில் அப்பாவாகவோ அண்ணனாகவோ வந்து கண் கலங்கிவிட்டுப் போகிறவர் எஸ்.வி.சகஸ்ரநாமம். அவரைப் போய்ப் பெரிய நடிகர் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். கதாநாயகனாக நிலைக்காத ஒருவரைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், நங்கநல்லூர்.

பதில்: நிறையவே இருக்கிறது. நீங்கள் அவரைத் தேடியது திரையில் மட்டும். அவர் வாழ்ந்தது மேடையில்.

1913இல் கோவை சிங்காநல்லூரில் பிறந்தவர். சிறுவனாக டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து தொழில் கற்றார். பாட்டு, வசனம், வேஷம் என்று எல்லாவற்றையும் பையன்களுக்கு அடித்துப் பழக்கிய காலம் அது. 1944 கடைசியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கில் என்.எஸ்.கிருஷ்ணன் கைதானபோது, அவருடைய நாடக சபா கலைந்துபோகாமல் பார்த்துக்கொண்டவர்களில் சகஸ்ரநாமம் முக்கியமானவர். முதலாளி சிறையில் இருக்க, நடிகர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு கம்பெனி நடத்துவது எத்தனை பேரால் முடியும்?

அப்புறம் சென்னையில் ‘சேவா ஸ்டேஜ்’ என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். என் மதிப்பெல்லாம் இதற்குத்தான். புராணக் கதைகளையும் பழைய கம்பெனி நாடகங்களையும் திரும்பத் திரும்பப் போட்டால் வசூலுக்குப் பயமில்லை. அவரோ சிறுகதை எழுதிக்கொண்டிருந்தவர்களிடம் போனார். ‘மணிக்கொடி’ பத்திரிகை மூலம் பெயர் பெற்ற பி.எஸ்.ராமையா ‘தேரோட்டி மகன்’, ‘போலீஸ்காரன் மகள்’ எழுதிக் கொடுத்தார். தி.ஜானகிராமன் ‘நாலு வேலி நிலம்’, ‘வடிவேலு வாத்தியார்’ எழுதினார். பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்தையும் மேடையேற்றினார்கள். படிப்பதற்கென்றே எழுதப்பட்ட கவிதையை வசனமாகப் பேசி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பொருள் விளங்கச் செய்வது சாதாரண வேலையா? தமிழின் நல்ல எழுத்தாளர்களை நாடகத்துக்கு இவ்வளவு பிடிவாதமாக அழைத்து வந்த இன்னொரு குழுவை நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் நாடகம் பணம் தின்னும். அரங்க வாடகை, காட்சித் திரைகள், பக்கவாத்தியம், மாதக்கணக்கில் ஒத்திகை. இத்தனைக்கும் ஈடுகொடுத்தது அவர் சினிமாவில் வாங்கிய சம்பளம். நீங்கள் குறைவாக மதிப்பிடும் அந்த அப்பா வேஷங்கள்தான் சேவா ஸ்டேஜின் விளக்கை எரியவைத்தன. ஆர்.முத்துராமன் அங்கே தேறித்தான் சினிமாவுக்கு வந்தார்.

சரி, திரைக்கே வருவோம். ‘பராசக்தி’யில் (1952) நீதிபதி சந்திரசேகரனாக வருகிறவர் இவர். கூண்டில் நிற்பவள் சொந்தத் தங்கை என்று தெரிந்ததும் அந்தக் கம்பீரம் அப்படியே சரிகிறது. பக்கம் பக்கமாக வசனம் பேசும் படத்தில், பேசாமல் நிற்கத் தெரிந்த நடிகர் அவர். மேடைக்காரர்கள் எல்லோரும் கத்துவார்கள் என்று சொல்கிறவர்கள் இவரைச் சரியாகப் பார்த்ததில்லை.

1988இல் மறைந்தார். கதாநாயகர்களின் பட்டியலை மட்டுமே வைத்துக்கொண்டு நடிகர்களை அளக்கும் பழக்கத்தால்தான் இன்று சபாக்களில் நாடகம் பார்க்கும் இளைஞருக்குக்கூட இவர் பெயர் தெரியவில்லை. அது அவருடைய குறை இல்லை, நம்முடையது. ‘போலீஸ்காரன் மகள்’ 1962இல் ஸ்ரீதர் இயக்கத்தில் படமாகவும் வந்தது. அந்தப் போலீஸ்காரர் சகஸ்ரநாமம்தான். பாட்டுக்காக ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். இன்னொரு முறை அவருக்காகப் பாருங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள்.