டப்மனைத் தேடினால் மிண்டி கிடைப்பார்

அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பியோடிய கறுப்பின மக்களைப் பற்றி ஆய்வேடு எழுதும் முதுகலை மாணவி ஒருவர், தானும் தப்பி, பிறரையும் அழைத்துவந்த கறுப்பினப் பெண் ஹாரியட் டப்மனின் பெயரை இணைய ஆவணக் காப்பகங்களில் தேடியும் டப்மன் தப்பிய காலத்து ஆவணம் எதுவும் அகப்படவில்லையே என்று கேட்டிருக்கிறார்.

சிக்கல் பெயரில்தான் இருக்கிறது. மேரிலாந்தின் டார்செஸ்டர் கவுண்டியைச் சேர்ந்த எலிசா பிராடெஸ் என்ற உரிமையாளர் தப்பியோடியவர்களைப் பிடித்துத் தரக் கேட்டு 1849 அக்டோபர் 3 தேதியிட்டுக் கொடுத்த விளம்பரத்தில் டப்மனின் பெயர் ‘மிண்டி’; வயது சுமார் 27, உயரம் ஏறக்குறைய ஐந்தடி. உடன் போன தம்பியர் இருவரில் ஹாரிக்குக் காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு கழலை. பென், பேச்சுக் கொடுத்தால் சட்டென்று பதில் சொல்பவர். மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் தலைக்கு 100 டாலர் பரிசு, உள்ளே என்றால் 50. ஆகவே, உரிமையாளர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு தேடத் தொடங்குங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ‘ஃப்ரீடம் ஆன் தி மூவ்’ தளம் இத்தகைய விளம்பரங்களுக்கென்றே அமைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இதழ்களானால், ‘எஃப்’ போலவே தோன்றும் அன்றைய நீண்ட ‘எஸ்’ எழுத்தைக் கணினி ‘எஃப்’ என்று படித்துவிடும் என்பதால், பக்கப் படங்களையும் புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

விளம்பரம் ஆளைப் பிடிக்க எழுதப்பட்டது. கழலையைப் பற்றிப் பொய் சொல்ல எலிசாவுக்குத் தேவையில்லை, ஏன் ஓடினார்கள் என்று சொல்லவும் தேவையில்லை. அந்தக் காரணம் வேறிடத்தில் கிடைக்கும்: எலிசாவின் கணவர் அதே ஆண்டு மார்ச்சில் இறந்ததால், கடனை அடைக்கத் தங்களை விற்றுவிடுவார்களோ என்ற அச்சம் இவர்களைத் துரத்தியது. மேரிலாந்து மாநில ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கும் அடிமைமுறைப் பதிவுகளில் இத்தகைய சொத்து விவகாரங்களைத் தேடலாம்.

விளம்பரம் இருப்பதாலேயே விடுதலை கிடைத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள் (பலரும் சறுக்கும் இடம் இது). தம்பியர் மனம் மாறியதால் அந்த முறை மூவருமே திரும்பிவிட்டார்கள். டப்மன் பிறகு தனியாகத்தான் தப்பினார். அந்தத் தம்பியரை 1854 டிசம்பர் இறுதியில் பிலடெல்ஃபியாவில் மீண்டும் காண்கிறோம். அங்கே வந்துசேர்ந்தவர்களைப் பற்றிக் குறித்துவைத்த வில்லியம் ஸ்டில் என்ற கறுப்பினச் செயல்வீரரின் குறிப்பேட்டைப் பென்சில்வேனியா வரலாற்றுக் கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. டப்மன் அழைத்துவந்த பென், அங்கே ஜேம்ஸ் ஸ்டீவர்ட் ஆகிவிடுகிறார். எனவே உங்கள் அட்டவணையில், உரிமையாளர் எழுதிய பெயருக்கு ஒன்றும் தப்பியவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயருக்கு ஒன்றுமாக, முதலிலேயே இரண்டு பத்திகள் ஒதுக்கிவிடுங்கள்.