தெலுக் ஆயர்ல நாகூர் தர்கா எதுக்கு? வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணே வணக்கம். பையனோட ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காக நம்ம சிங்கப்பூர் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட் பக்கம் போயிருந்தோம். ஆபீஸ் கட்டடங்களுக்கு நடுவுல நாகூர் தர்கா. "நம்மாளுங்க இருந்தது தேக்கால, அதான் லிட்டில் இந்தியாவுலதானே, இங்க ஏன் கட்டினாங்க?"ன்னு கேட்டான். என்ன சொல்றதுன்னு தெரியல. நீங்க சொல்லுங்களேன்.
- ஒரு வாசகி, ஜூரோங் வெஸ்ட்

வணக்கம்மா. பையன் கேட்டது அருமையான கேள்வி. தர்காவைக் கட்டினப்ப அந்தத் தெருதான் கடற்கரை, வாசலுக்கு எதிர்லயே அலை அடிச்சிருக்கும். பாய்மரக் கப்பல்ல உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தவங்க, கரை சேர்ந்ததும் மொதல்ல சாமிக்கு நன்றி சொல்லத்தானே நினைப்பாங்க. கடல்ல போறவங்களை நாகூர் ஆண்டவர் காப்பாத்துவாருன்னு நம்ம கரையோர ஊர்கள்ல இந்துக்களும்தான் நம்புறாங்க. அவர் அடக்கமானது நாகூர்ல, இங்க இருக்கறது அவர் நினைவா நம்ம சூலியா முஸ்லிம்கள், அதாவது சோழமண்டலக் கரையிலேர்ந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், 1828லேர்ந்து 1830க்குள்ள கட்டினது. அதே தெருவுல கொஞ்சம் தள்ளி அல்-அப்ரார் பள்ளிவாசல், 1827ல வெறும் குடிசையா ஆரம்பிச்சது, அதனாலதான் குச்சுப் பள்ளின்னு பேரு. ரெண்டுக்கும் நடுவுல ஹொக்கியன் சீனர்களோட தியான் ஹொக் கெங் கோயில், அங்க இருக்கற மாஜூ (Mazu)ங்கற அம்மனும் கடல்ல காப்பாத்துற தெய்வம்தான். மூணும் ஒரே வரிசையில நிக்குதே, அந்த வரிசைதான் பழைய கரை.

அப்புறம் 1879 வாக்குல வாலிக் குன்றை வெட்டி அந்த மண்ணைக் கடல்ல கொட்ட ஆரம்பிச்சாங்க. ராபின்சன் ரோடு வந்துச்சு, பின்னாடி ஷென்டன் வே, அதுக்கும் அப்புறம் மரினா பக்கம் முழுக்க. இன்னிக்கு தர்கா வாசல்ல நின்னா தண்ணியே கண்ணுல படாது.

தேக்கா விஷயத்துக்கு வர்றேன். இது எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்துற விஷயம், தமிழ்ப் பிள்ளைங்களை மரபு நடைன்னு கூட்டிட்டுப் போனா தேக்காவுல ஆரம்பிச்சு தேக்காவுலயே முடிச்சிடறாங்க. ஆனா 1822ல போட்ட ஜாக்சன் திட்டத்துல, அதான் சிங்கப்பூரோட ஆரம்பகால நகர வரைபடத்துல, சூலியா கம்போங் (சூலியாக்களோட குடியிருப்பு) இருக்கறது சிங்கப்பூர் ஆத்தோரமா. வேலை துறைமுகத்துல, ஆளும் அங்கதானே இருப்பான். நாராயண பிள்ளை 1819ல ராஃபிள்ஸோட பினாங்குலேர்ந்து வந்து தஞ்சோங் பகார் பக்கம் செங்கல் சூளை போட்டாரு, அவர் 1827ல மாரியம்மன் கோயிலை எழுப்பினதும் சவுத் பிரிட்ஜ் ரோட்டுலதான். நகரத்தார் (செட்டியார்) கிட்டங்கிகள், அதாவது அவங்க வட்டித் தொழில் நடத்தின இடங்கள், மார்க்கெட் ஸ்ட்ரீட்ல இருந்துச்சு. தரையில பாய், முன்னாடி ஒரு குட்டி மேசை, பக்கத்துல மரப்பெட்டி, ஒரு செட்டியாரோட முழு ஆபீஸே அவ்வளவுதான், அங்க உக்காந்துக்கிட்டுதான் கடைக்காரங்களுக்கும் எஸ்டேட்காரங்களுக்கும் கடன் குடுத்தாங்க. தேக்கா பக்கம் மாட்டுத் தொழில் பெருகி நம்மாளுங்க கூட்டமா சேர்ந்ததெல்லாம் பின்னாடி நடந்தது.

பையனை மறுபடி ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. தர்கா வாசல்ல நின்னு அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்க, மேல ரெண்டு மினாராவுக்கு நடுவுல சின்னச் சின்ன வளைவுகளா குட்டி அரண்மனை மாதிரி வரிசை கட்டியிருக்கும். உள்ள இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் இருக்கு, நேரம் விசாரிச்சுட்டுப் போங்க. அங்கேர்ந்து குச்சுப் பள்ளி, அப்புறம் மாரியம்மன் கோயில், மார்க்கெட் ஸ்ட்ரீட், ஆத்து முகத்துவாரம்னு நடந்தே போயிடலாம். ப்ராஜெக்ட்டுக்குப் பழைய மேப் ஒண்ணை எடுத்து, இன்னிக்கு இருக்கற மேப் மேல அந்தக் கரைக்கோட்டை சிவப்புல வரையச் சொல்லுங்க. வரைஞ்சதை எனக்கும் அனுப்புங்க, ஆசையா பார்ப்பேன்.